பொறியியல் வகுப்பறையில் செயல்வழிக் கற்றலும் தொழில்நுட்பமும்: வேலூர்ப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை, குடியாத்தம் பக்கத்துப் பொறியியல் கல்லூரிகளில் பாடம் எடுப்பவர்களும், படிக்கிறவர்களும், பிள்ளைகளைச் சேர்த்துவிட்ட பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. நானும் இங்கே பொறியியல் ஆசிரியர்தான். எந்தத் துறையாக இருந்தாலும் பதில்கள் பொருந்தும். உதாரணங்களை மட்டும் உங்கள் பாடத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

செயல்வழிக் கற்றல் என்றால் என்ன? எங்கள் கல்லூரியில் எல்லா வகுப்பிலும் புரொஜெக்டர் இருக்கிறது. அது போதாதா?

போதாது. கரும்பலகையில் எழுதியதைத் திரையில் காட்டுவதால் மாணவர் செய்யும் வேலை மாறுவதில்லை. முன்பாவது பார்த்து எழுதிக்கொண்டிருந்தார்கள். ஸ்லைடு வந்த பிறகு அதுவும் குறைந்து, "பிபிடி அனுப்பிடுங்க சார்" என்று கேட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள்.

வகுப்பு நேரத்திலேயே மாணவர் யோசிக்க வேண்டும், ஒரு முடிவுக்கு வர வேண்டும், அதைப் பக்கத்தில் இருப்பவரிடம் காரணத்தோடு சொல்ல வேண்டும், தவறு எங்கே என்று அந்த இடத்திலேயே தெரிந்துகொள்ள வேண்டும். இதற்கு வழி செய்யும் எந்த முறையும் செயல்வழிக் கற்றல்தான். அதில் கருவி இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஒரு புதிய செயலியைப் பற்றி யாராவது சொன்னால் நான் கேட்பது இதுதான்: இதனால் மாணவர் கூடுதலாக யோசிப்பாரா? அவர் யோசிப்பது எனக்குத் தெரியவருமா? இரண்டுக்கும் இல்லை என்றால் அந்தச் செயலி எனக்கு வேண்டாம்.

இதனால் மாணவர் நன்றாகப் படிக்கிறார்கள் என்பதற்கு ஆதாரம் இருக்கிறதா?

நிறைய இருக்கிறது. ரிச்சர்ட் ஹேக் என்ற அமெரிக்க இயற்பியல் பேராசிரியர் 62 பாடவகுப்புகளில் படித்த 6,000-க்கும் மேற்பட்ட மாணவர்களின் விவரங்களை ஒப்பிட்டு 1998-ல் வெளியிட்டார். விசை, இயக்கம் பற்றிய அடிப்படைப் புரிதலைப் பாடத்துக்கு முன்பும் பின்பும் சோதித்திருந்தார்கள். முதலில் தெரியாமல் இருந்ததில் எத்தனை பங்கைக் கற்றுக்கொண்டார்கள் என்பது கணக்கு. ஆசிரியர் மட்டும் பேசிய வகுப்புகளில் அது சராசரியாக 0.23. மாணவர்கள் பங்கெடுத்த வகுப்புகளில் 0.48.

அப்புறம் 2014-ல் ஸ்காட் ஃப்ரீமனும் அவர் குழுவும் அறிவியல், பொறியியல், கணித வகுப்புகள் பற்றிய 225 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். விரிவுரை மட்டும் நடந்த வகுப்புகளில் சராசரியாக 33.8% பேர் தேறவில்லை. செயல்வழியில் நடந்தவற்றில் 21.8% பேர்.

இந்த எண்கள் அப்படியே நமக்கும் வரும் என்று சொல்லமாட்டேன். இவை பெரும்பாலும் அமெரிக்க வகுப்புகள். ஆனாலும் 100 பேரில் 12 பேர் அரியரிலிருந்து தப்புகிறார்கள் என்பதை நம் ஊர்க் கணக்கில் வைத்துப் பாருங்கள். ஓர் அரியர் நின்றாலே பல நிறுவனங்களின் கேம்பஸ் தேர்வில் உட்கார முடியாது. கடன் வாங்கிப் படிக்க வைக்கும் வீட்டில் அதன் பாரம் எவ்வளவு என்று நமக்குத் தெரியும்.

சரி, ஐம்பது நிமிட வகுப்பில் என்ன செய்வது? ஒரு மாதிரி சொல்லுங்கள்.

ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1991-ல் தொடங்கிய ஒரு முறையைச் சொல்கிறேன். மாணவரே சக மாணவருக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் இதன் உயிர். செலவே கிடையாது. ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் பாடத்தை எடுத்துக்கொள்வோம்.

முதல் பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஸ்ட்ரெஸ் (தகைவு), ஸ்ட்ரெயின் (திரிபு) பற்றி வழக்கம்போல நடத்துங்கள். பிறகு இந்தக் கேள்வியைப் பலகையில் எழுதுங்கள்:

ஒரே நீளமும் ஒரே விட்டமும் கொண்ட இரண்டு கம்பிகள். ஒன்று எஃகு, இன்னொன்று அலுமினியம். இரண்டிலும் ஒரே எடையைத் தொங்கவிடுகிறோம். எதில் ஸ்ட்ரெஸ் அதிகம்? அ) எஃகு. ஆ) அலுமினியம். இ) இரண்டிலும் சமம். ஈ) யங் குணகம் (பொருளின் விறைப்பைச் சொல்லும் எண்) தெரியாமல் சொல்ல முடியாது.

ஒரு நிமிடம் யாரும் பேசக்கூடாது. ஒவ்வொருவரும் தன் விடையை நோட்டில் எழுத வேண்டும். இந்த மௌனத்தை விட்டுவிடாதீர்கள். எழுத வைக்காவிட்டால் முதல் பெஞ்சில் ஒருவர் கை தூக்கியதும் மற்ற அறுபது பேரும் யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள். பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் விடை அட்டையை (அ, ஆ, இ, ஈ ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம்) தூக்கிக் காட்டட்டும்.

சரியான விடை சொன்னவர்கள் முப்பது சதவீதத்துக்கும் குறைவு என்றால் நடத்தியது சேரவில்லை. வேறு மாதிரி மறுபடி நடத்துங்கள். எழுபதுக்கு மேல் என்றால் இரண்டு வாக்கியத்தில் விளக்கிவிட்டு மேலே போங்கள். நடுவில் இருந்தால்தான் விஷயம். விடையைச் சொல்லாதீர்கள், முகத்திலும் காட்டாதீர்கள். "வேறு விடை எழுதியவர் யாரென்று பார்த்து, அவருக்கு உங்கள் காரணத்தைச் சொல்லுங்கள்" என்று மூன்று நிமிடம் கொடுங்கள். அந்த மூன்று நிமிடமும் பெஞ்சுகளுக்கு நடுவே நடந்து காதில் வாங்குங்கள். எந்த மாணவர் எந்த இடத்தில் தடுமாறுகிறார் என்பது இன்டர்னல் பேப்பர் திருத்தும்போது தெரிவதைவிட இங்கே தெளிவாகத் தெரியும். பிறகு மறுபடி அட்டை.

விடை இ. எடையைக் குறுக்குவெட்டுப் பரப்பால் வகுத்தால் ஸ்ட்ரெஸ். இரண்டும் சமம் என்பதால் பொருள் எதுவானாலும் ஸ்ட்ரெஸ் ஒன்றுதான். உடனே அடுத்த கேள்வியைப் போடுங்கள்: எது அதிகம் நீளும்? எஃகின் யங் குணகம் சுமார் 200 ஜிகாபாஸ்கல், அலுமினியத்துக்கு சுமார் 70. அதனால் அலுமினியம் ஏறக்குறைய மூன்று மடங்கு நீளும். முதல் கேள்விக்கு ஈ என்று எழுதியவர்களைக் கவனியுங்கள். அவர்களுக்குச் சூத்திரம் தெரியும். சூத்திரத்தில் எது எதைத் தீர்மானிக்கிறது என்பது தெரியாது. இரண்டு மார்க் கேள்வியில் இவர்கள் முழு மதிப்பெண் வாங்கிவிடுவார்கள் என்பதால் இப்படி வகுப்பில் கேட்டால்தான் வெளியே வரும்.

ஒரு கேள்விக்கு எட்டு முதல் பத்து நிமிடம் ஆகும். ஒரு வகுப்பில் இரண்டு போதும்.

அப்படிப்பட்ட கேள்விகள் எங்கே கிடைக்கும்?

இந்த முறையிலேயே கஷ்டமான வேலை இதுதான். கொஸ்டின் பேங்கில் கிடைக்காது, அவை "வரையறு", "வருவி" வகை. கணக்குப் போட வேண்டிய அவசியம் இல்லாமல் கருத்தை மட்டும் தொட வேண்டும். தவறான விடைகள் ஒவ்வொன்றும் மாணவர்கள் உண்மையாகவே நம்பும் தவறாக இருக்க வேண்டும். அதற்கு நல்ல சுரங்கம் வைவாவும் (வாய்மொழித் தேர்வு) பழைய விடைத்தாள்களும். பலர் ஒரே மாதிரி தவறு செய்த இடத்தைக் குறித்து வையுங்கள், கேள்வி அங்கேயே இருக்கிறது.

மின்னியலில் ஒன்று: 60 வாட், 100 வாட் குண்டு பல்புகளைத் தொடரிணைப்பில் 230 வோல்ட்டில் இணைத்தால் எது பிரகாசமாக எரியும்? பெரும்பாலோர் 100 என்பார்கள். விடை 60. அதன் மின்தடை சுமார் 880 ஓம், 100 வாட் பல்புக்கு சுமார் 530 தான். ஒரே மின்னோட்டம் ஓடும்போது தடை அதிகமுள்ளதில்தான் அதிகத் திறன் செலவாகிறது. இரண்டு பல்பைக் கொண்டுவந்து செய்தும் காட்டலாம்.

வெப்ப இயக்கவியலில் இன்னொன்று: கதவு ஜன்னல் எல்லாம் மூடிய அறையில் பிரிட்ஜின் கதவைத் திறந்து வைத்தால் அறை குளிருமா, சூடாகுமா, மாறாதா? சூடாகும். உள்ளே எடுத்த வெப்பத்தோடு கம்ப்ரஸர் இழுக்கும் மின்சாரமும் வெப்பமாகி அறைக்குள்ளேயே வருகிறது. வேலூரில் அக்னி நட்சத்திர நாளில் இதைக் கேட்டால் வகுப்பு முழுக்க விடைக்காகக் காத்திருக்கும்.

துறையில் ஒரே பாடத்தை எடுக்கும் இருவர் சேர்ந்தால் வேலை பாதியாகும். ஒரு யூனிட்டுக்கு நான்கு நல்ல கேள்வி என்று வைத்துக்கொண்டால் ஐந்து யூனிட்டுக்கு இருபது. அடுத்த ஆண்டும் அவை உதவும்.

இப்படி நடத்தினால் போர்ஷன் முடியுமா?

எல்லாவற்றையும் வகுப்பில் சொல்லி முடிக்க வேண்டும் என்று நினைத்தால் முடியாது. வரையறை, வகைகள், நன்மை தீமைகள் எல்லாம் புத்தகத்தில் இருக்கின்றன. அவற்றைப் படித்துவரச் சொல்லலாம். ஆசிரியர் இல்லாமல் புரியாத இடங்களுக்குத்தான் ஆசிரியர் வேண்டும். எல்லா வகுப்பையும் மாற்ற வேண்டியதில்லை, மூன்றில் ஒரு வகுப்பில் தொடங்கினால் போதும். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறையில் தியரிப் பாடத்துக்கு அகமதிப்பீடு 40, பருவத் தேர்வு 60 என்று இருப்பதால், வகுப்பில் நடக்கும் வேலைக்கு மதிப்பெண் கொடுக்க முன்பைவிட இடமும் உண்டு.

"சார் பாடமே நடத்துவதில்லை, எங்களையே பேசச் சொல்கிறார்" என்று மாணவர்கள் பின்னூட்டத்தில் எழுதுகிறார்கள். என்ன செய்வது?

இது பல இளம் ஆசிரியர்களை முதல் பருவத்திலேயே பின்வாங்க வைக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

2019-ல் ஹார்வர்டில் லூயி டெலோரியேவும் சக ஆசிரியர்களும் இயற்பியல் மாணவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு நல்ல விரிவுரை, மறு பிரிவுக்கு அதே பாடத்தைச் செயல்வழியில் நடத்தினார்கள். செயல்வழிப் பிரிவு தேர்வில் அதிகம் வாங்கியது. ஆனால் "எவ்வளவு கற்றுக்கொண்டதாக உணர்கிறீர்கள்?" என்று கேட்டபோது அந்தப் பிரிவினர்தான் குறைவாகச் சொன்னார்கள். சரளமான விரிவுரையைக் கேட்கும்போது எல்லாம் புரிந்துவிட்டது போல இருக்கும். தானே யோசித்துத் தடுமாறும்போது எதுவும் தெரியாதது போல இருக்கும். தடுமாறுகிற அந்த நேரத்தில்தான் மனதில் பதிகிறது.

இதை மாணவர்களிடம் மறைக்காமல் முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுங்கள். அந்த ஆய்வின் முடிவையே அவர்களுக்குக் காட்டுங்கள். அப்புறம் மூன்றாவது வாரத்தில் ஒரு சிறு தேர்வு வைத்து, வகுப்பில் விவாதித்த பகுதியிலும் கேட்டு மட்டும் படித்த பகுதியிலும் அவர்கள் எப்படிச் செய்தார்கள் என்று அவர்களே பார்க்கட்டும். துறைத் தலைவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: ஒரு பருவத்துப் பின்னூட்ட மதிப்பெண்ணை வைத்து இந்த ஆசிரியர்களை எடை போடாதீர்கள்.

எங்கள் கல்லூரியில் வகுப்பில் செல்போனுக்கு அனுமதி இல்லை. ஆன்லைன் வினாடி வினா எப்படி நடத்துவது?

தேவையே இல்லை. நான்கு நிற அட்டைகள் போதும். எண்ணிக்கை துல்லியமாக வேண்டும் என்றால் பிளிக்கர்ஸ் என்ற செயலி இருக்கிறது. மாணவர் கையில் அச்சிட்ட தாள் மட்டும் இருக்கும், அதை எந்தப் பக்கம் திருப்பிப் பிடிக்கிறாரோ அது விடை. ஆசிரியரின் ஒரே போன் கேமரா வகுப்பு முழுவதையும் படித்துக்கொள்ளும்.

வீடியோவை வீட்டில் பார்த்துவிட்டு வகுப்பில் கணக்குப் போடும் முறை நம் மாணவர்களுக்கு ஒத்துவருமா?

வீட்டு நிலைமையைப் பார்த்துச் செய்தால் ஒத்துவரும். ஆரணியிலிருந்தோ ஆம்பூரிலிருந்தோ கல்லூரி பஸ்ஸில் வந்துபோகும் மாணவர் வீடு சேரும்போதே இருட்டியிருக்கும். பல மாணவிகளுக்கு வீட்டு வேலை காத்திருக்கும். வீட்டில் ஒரே போன் என்றும் இருக்கலாம். அங்கே ஒரு மணி நேர வீடியோ அனுப்பினால் வசதி உள்ளவர்கள் மட்டும் பார்ப்பார்கள், மற்றவர்கள் வகுப்பில் ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருப்பார்கள். அது அநியாயம்.

இணையவழிப் பாடங்கள் தரும் எடெக்ஸ் தளத்தில் 69 லட்சம் முறை வீடியோ பார்க்கப்பட்ட பதிவுகளை ஆராய்ந்த 2014 ஆய்வு ஒன்றில், எவ்வளவு நீளமான வீடியோவாக இருந்தாலும் ஒருவர் பார்க்கும் நேரம் பொதுவாக ஆறு நிமிடத்தைத் தாண்டவில்லை. அதனால் ஆறேழு நிமிடத்துக்குள், ஒரே ஒரு கருத்து, குறைந்த எம்.பி. அளவில், வகுப்பு வாட்ஸ்அப் குழுவில். கூடவே அதே விஷயம் இரண்டு பக்கம் அச்சில். பார்த்தாரா என்று சோதிக்க, வகுப்பின் முதல் ஐந்து நிமிடத்தில் ஒரு சிறு கேள்வி. உங்கள் குரலில், உங்கள் போனில் எடுத்த வீடியோவே போதும். வெளியூர்ப் பேராசிரியரின் பளபளப்பான வீடியோவைவிடத் தங்கள் சார் அல்லது மேடம் பேசுவதையே மாணவர்கள் பார்க்கிறார்கள்.

தமிழ்வழியில் படித்து வந்தவர்கள் வாயே திறப்பதில்லை. அவர்களை எப்படிப் பங்கெடுக்க வைப்பது?

எனக்கு இந்த விஷயத்தில் உறுதியான கருத்து உண்டு: விவாதம் தமிழில் நடக்கட்டும். "ஆங்கிலத்தில்தான் பேச வேண்டும்" என்ற உத்தரவு வந்த நிமிடமே பாதி வகுப்பு மௌனமாகிவிடும். மௌனமாக இருப்பவருக்கு என்ன புரியவில்லை என்று உங்களுக்குத் தெரியவே தெரியாது.

ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021 முதல் பொறியியல் சேர்க்கையில் 7.5% ஒதுக்கீடு இருக்கிறது. அணைக்கட்டிலிருந்தும் ஒடுகத்தூரிலிருந்தும் முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வருகிறவர்களை இங்கே தக்கவைப்பது ஆசிரியரின் பொறுப்பு. வாய்ப்புக் குறைவாகப் பெற்ற பின்னணியிலிருந்து வரும் மாணவர்களுக்கும் மற்றவர்களுக்கும் உள்ள தேர்ச்சி இடைவெளி, செயல்வழி வகுப்புகளில் 45% குறைவதாக 2020-ல் அமெரிக்காவில் வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வு காட்டியது. வகுப்பு நேரத்தில் பெரும்பகுதி செயல்வழியாக இருந்த இடங்களில்தான் இந்த மாற்றம் தெரிந்தது.

நடைமுறைக்கு: கேள்வியைத் திரையில் ஆங்கிலத்தில் போட்டு, தமிழில் ஒரு முறை வாசியுங்கள். கலைச்சொல் பாடப்புத்தகத்தில் உள்ளபடி இருக்கட்டும், காரணம் தமிழில் வரட்டும். விவாதம் முடிந்ததும் எல்லோரும் இரண்டு வரி ஆங்கிலத்தில் எழுத வேண்டும், ஏனென்றால் தேர்வு பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். புரிந்ததை எழுதும்போது ஆங்கிலமும் மெல்ல வந்துவிடும். புரியாததை மனப்பாடம் செய்து எழுதும்போது இரண்டும் வராது. வாணியம்பாடி, ஆம்பூர் மாணவர்கள் தங்களுக்குள் உருதுவில் பேசிக்கொண்டாலும், சித்தூர் எல்லைப் பக்கத்தவர் தெலுங்கில் பேசிக்கொண்டாலும் தடுக்காதீர்கள்.

கட்டடவியலையும் இயந்திரவியலையும் தமிழ்வழியிலேயே படிக்கும் வாய்ப்பை அண்ணா பல்கலைக்கழகம் 2010-ல் தொடங்கியது. மென்பொருள் கற்க ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியல் பாடங்கள் தமிழ்க் குரலிலும் கிடைக்கின்றன.

இன்னொன்று, பாலிடெக்னிக் முடித்து இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர்கிறவர்கள். கணிதத்தில் பின்தங்கியவர்கள் என்று இவர்களைப் பின்வரிசைக்குத் தள்ளிவிடுகிறோம். லேத், வெல்டிங், வயரிங் எல்லாம் கையால் செய்தவர்கள் இவர்கள்தான். குழு பிரிக்கும்போது குழுவுக்கு ஒருவராகப் பிரித்துப் போடுங்கள், மற்றவர்கள் இவர்களிடம் கற்பார்கள்.

லேபில் ஒரு சிஆர்ஓவை (மின் அலைவடிவத்தைத் திரையில் காட்டும் கருவி) சுற்றி ஐந்து பேர். ஒருவர் குமிழைத் திருப்புகிறார், நான்கு பேர் ரீடிங்கை எழுதிக்கொள்கிறார்கள். தொழில்நுட்பம் இங்கே உதவுமா?

இங்கேதான் மிக நன்றாக உதவும். மத்திய கல்வி அமைச்சகத்தின் வர்ச்சுவல் லேப்ஸ் தளத்தில் பல துறைச் சோதனைகள் இலவசமாக உள்ளன. மின்சுற்றைக் கணினியிலேயே ஓட்டிப் பார்க்க எல்டிஸ்பைஸ், டிங்கர்கேட் உள்ளன. கணக்கீட்டுக்கு சைலாப், ஆக்டேவ். எல்லாம் காசில்லாமல் கிடைப்பவை. லேபுக்கு முந்தைய நாள் ஒவ்வொருவரும் தனியாக இதில் சுற்றை ஓட்டி, என்ன அலைவடிவம் வரும் என்று அப்சர்வேஷன் நோட்டில் வரைந்து வரட்டும். லேபில் நிஜச் சுற்று வேறு மாதிரி காட்டும்போது "ஏன்?" என்ற கேள்வி தானாக எழும். லூஸ் கனெக்‌ஷன், இரைச்சல், சூடாகிப்போன ரெசிஸ்டர் எல்லாம் திரையில் வராது, அதனால் நிஜ லேபை இதனால் ஈடுகட்ட முடியாது.

போனும் ஓர் அளவுக் கருவிதான். ஜெர்மனியின் ஆகன் பல்கலைக்கழகம் உருவாக்கிய ஃபைஃபாக்ஸ் என்ற இலவசச் செயலி, போனுக்குள் இருக்கும் முடுக்கமானியின் அளவுகளை அப்படியே எடுத்துத் தரும். காட்பாடி-பாகாயம் டவுன் பஸ் சிக்னலில் இன்ஜின் ஓடியபடி நிற்கும்போது போனை இருக்கையின் கம்பிமேல் வைத்து அதிர்வைப் பதியச் சொல்லுங்கள். ஆறு சிலிண்டர் இன்ஜின் 600 ஆர்பிஎம்மில் சும்மா ஓடினால் வினாடிக்குப் பத்துச் சுற்று, சுற்றுக்கு மூன்று வெடிப்பு, ஆக 30 ஹெர்ட்ஸில் ஒரு முகடு தெரிய வேண்டும். போன் வினாடிக்கு 100 முறை அளந்தால் 50 ஹெர்ட்ஸ் வரை பார்க்கலாம், 40 முறை மட்டும் அளந்தால் அந்த 30 ஹெர்ட்ஸ் முகடு 10 ஹெர்ட்ஸில் போய்ப் பொய்யாகத் தெரியும். சாம்பிளிங் தேற்றத்தை (அதிர்வெண்ணைப் போல இரண்டு மடங்குக்கு மேல் அளந்தால்தான் அலை சரியாகத் தெரியும் என்பது) பலகையில் எத்தனை முறை எழுதினாலும் வராத தெளிவு இதில் வந்துவிடும்.

இறுதியாண்டு புராஜெக்டைக் கடையில் வாங்கிவந்து கொடுக்கிறார்கள். இதை எப்படித் தடுப்பது?

கடையில் விற்காத கேள்வியைக் கொடுத்தால் போதும். அப்படிப்பட்ட கேள்விகள் நம் மாவட்டங்களைச் சுற்றிக் கொட்டிக் கிடக்கின்றன.

டென்மார்க்கின் ஆல்போர்க் பல்கலைக்கழகம் 1974-ல் தொடங்கிய நாளிலிருந்தே பிரச்சினையை முன்வைத்துப் பொறியியல் கற்றுக்கொடுக்கிறது. முதலில் பிரச்சினை, அதைத் தீர்க்கத் தேவையான பாடம் கூடவே வரும். நமக்கு அவ்வளவு மாற்றம் உடனே முடியாது. ஆனால் இரண்டாம் ஆண்டிலிருந்தே மினி புராஜெக்டாகத் தொடங்கலாம்.

பாலாற்றங்கரைத் தோல் தொழிலை எடுத்துக்கொள்ளுங்கள். குரோம் பதனிடலில் போடும் குரோமியம் உப்பு முழுவதையும் தோல் ஏற்பதில்லை, கணிசமான பங்கு கழிவுநீரில் போகிறது. தோலைப் பாதுகாக்கப் போட்ட உப்பும் சேர்கிறது. இந்த மாசு வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் 1996-ல், மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கையையும் முன்னெச்சரிக்கைக் கொள்கையையும் இந்தியச் சட்டத்தின் பகுதி என்று சொன்னது. வழக்குத் தொடுத்தது வேலூர்க் குடிமக்கள் நல அமைப்பு. நம் மாணவர்களில் பலருக்கு இது தெரியாது என்பது எனக்கு வருத்தம்.

இதிலிருந்து ஒரு புராஜெக்ட்: சுற்றுவட்டாரக் கிணற்று நீரின் உப்பு அளவைத் தொடர்ந்து பதியும் மலிவான கருவி. உப்பு கூடினால் நீர் மின்சாரத்தைக் கடத்தும் திறனும் கூடும். ஆர்டுயினோவும் (சிறு கணினிப் பலகை) அந்தக் கடத்துத்திறனை அளக்கும் சென்சாரும் வாங்கி இணைப்பது ஒரு நாள் வேலை. பிரச்சினை அதன் பிறகுதான் ஆரம்பம். நீரின் கடத்துத்திறன் வெப்பநிலை ஒரு டிகிரி ஏறினால் சுமார் 2% கூடும். 25 டிகிரிக்கு அளவுகுறித்த கருவி 38 டிகிரி நீரில் கால் பங்குக்கு மேல் கூட்டிக் காட்டும். வேலூர் மே மாதத்தில் இந்தத் திருத்தம் இல்லாத கருவி எல்லாக் கிணற்றையும் கெட்டுப்போனதாகச் சொல்லிவிடும். வெப்பநிலை சென்சார் சேர்க்க வேண்டும், தெரிந்த உப்புக்கரைசலில் அளவு சரிபார்க்க வேண்டும், மின்முனையில் படிவு சேர்ந்தால் என்ன ஆகும் என்று பார்க்க வேண்டும். வேதியியல், மின்னணுவியல், நிரலாக்கம், புள்ளியியல் எல்லாம் ஒரே கிணற்றில் வந்து சேர்கின்றன. மாணவர் எழுதிய ஒவ்வொரு எண்ணையும் ஏன் என்று கேட்கலாம். கடையில் வாங்கியவரால் அதற்குப் பதில் சொல்ல முடியாது. கிணற்றுக்காரரின் அனுமதியோடு மட்டும் மாதிரி எடுங்கள். குரோமேட் கழிவு கொட்டிக் கிடக்கும் இடங்களுக்கு மாணவர்களை அனுப்பவே அனுப்பாதீர்கள், ஆறு இணைதிறன் குரோமியம் நஞ்சு.

வேறு துறைக்கும் உண்டு. ராணிப்பேட்டை பெல் தொழிற்சாலை அனல்மின் நிலையங்களுக்கான மின்னியல் தூசுபிரிப்பான்களைத் தயாரிக்கிறது. அது இருக்கும் மாவட்டத்திலேயே அதன் படத்தை 13 மார்க்குக்கு மட்டும் வரைந்து பழகுகிறார்கள். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் டாக்டர் பால் பிராண்ட் 1940-களின் இறுதியில் தொழுநோயாளிகளின் கைகளை அறுவை சிகிச்சையால் சீராக்கினார். பிறகு, உணர்வில்லாத பாதத்தில் புண் வருவதற்கு ஒரே இடத்தில் விழும் அழுத்தம்தான் காரணம் என்று காட்டி, காலணியை மாற்றினார். விசையைப் பரப்பால் வகுக்கும் அதே பாடம். பக்கத்திலேயே ஆம்பூரில் ஷூ தொழிற்சாலைகள். பாத அழுத்தத்தை அளக்கும் உள்ளங்காலுறை என்பது உயிரிமருத்துவ, மின்னணுவியல், இயந்திரவியல் மாணவர்கள் மூவரும் சேர்ந்து செய்யத் தகுந்த வேலை.

குழுவில் ஒருவர் மட்டும் உழைக்கிறார், மற்றவர்களுக்கும் அதே மதிப்பெண். இது நியாயமா?

நியாயமில்லை. மதிப்பெண்ணில் பாதியைக் குழுவுக்கும் பாதியைத் தனி நபருக்கும் பிரியுங்கள். தனி நபர் பகுதிக்கு ஐந்து நிமிட வைவா, அதில் அவர் செய்யாத பகுதியிலிருந்து ஒரு கேள்வி கட்டாயம். "நான் கோடிங் மட்டும்தான் சார்" என்ற பதிலை ஏற்காதீர்கள். குழுவை நீங்களே பிரியுங்கள், நான்கு பேருக்கு மேல் வேண்டாம்.

சாட்ஜிபிடி வந்த பிறகு அசைன்மென்ட் கொடுப்பதில் அர்த்தம் உண்டா?

2022 நவம்பரில் அது வெளிவந்ததிலிருந்து, வீட்டில் எழுதிவரும் பழைய வகை அசைன்மென்டுக்கு அர்த்தம் குறைந்துவிட்டது. அதற்கு முன்பும் சீனியர் நோட்டைப் பார்த்து எழுதியதுதான் அதிகம். நான் தடை போடச் சொல்லமாட்டேன். அது கொடுத்த விடையை வகுப்புக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். அலகுகள் சரியா, எல்லை நிபந்தனை சரியா, விடையின் அளவு நடைமுறைக்குப் பொருந்துகிறதா என்று குழுவாகச் சோதித்து, தங்கள் திருத்தங்களைச் சிவப்பு மையில் எழுதட்டும். அந்தச் சிவப்பு மைக்குத்தான் மதிப்பெண். தமிழ்வழி மாணவர் ஒரு ஆங்கிலப் பத்தியின் பொருளைத் தமிழில் கேட்டுத் தெரிந்துகொள்ள இதைப் பயன்படுத்தினால் நல்லதுதான். முதலாண்டில் கோடிங் பழகும்போது மட்டும் கண்டிப்பாக வேண்டாம் என்பேன். பிழையைத் தானே தேடிக் கண்டுபிடிக்கும் பழக்கம் அப்போதுதான் உருவாக வேண்டும்.

என்பிடிஇஎல் சான்றிதழ் வாங்குவதால் பலன் உண்டா?

உண்டு, பாடத்தை உண்மையில் படித்தால். ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003-ல் தொடங்கிய இணையவழிப் பாடத் திட்டம் இது. பாடங்கள் இலவசம், சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டும் கட்டணம். வார அசைன்மென்டின் விடைகளை வாட்ஸ்அப்பில் வாங்கிப் போடுகிறவருக்குத் தாள் கிடைக்கும், பாடம் கிடைக்காது. ஆறு பேர் சேர்ந்து வாரம் ஒருநாள் ஹாஸ்டலில் உட்கார்ந்து ஒன்றாகப் பார்த்து, நிறுத்தி நிறுத்திப் பேசுங்கள்.

நான் ஒரு தகப்பன். இந்தப் புது முறையால் என் மகளுக்கு வேலை கிடைக்குமா?

ஐயா, வேலைக்கு யாரும் உறுதி கொடுக்க முடியாது. ஆனால் நேர்காணலில் கேட்பது "நீ செய்த புராஜெக்டில் எது சரியாக வரவில்லை, அதை எப்படிச் சரிசெய்தாய்?" என்ற மாதிரிக் கேள்விகளைத்தான். வகுப்பில் தினமும் தன் விடைக்குக் காரணம் சொல்லிப் பழகிய பெண் அங்கே தயங்கமாட்டாள். கல்லூரியைப் பார்க்கப் போகும்போது கட்டடத்தையும் ஏசி வகுப்பையும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவரிடம் "இந்த வருஷம் உன் கையால் என்ன செய்தாய்?" என்று கேளுங்கள்.

விவாதம் நடக்கும்போது வகுப்பு சத்தமாக இருக்கிறது என்று பிரின்சிபால் கூப்பிட்டுக் கேட்கிறார்.

அவரை ஒருநாள் வகுப்புக்கு அழையுங்கள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ஒரு குழுவின் பேச்சைக் கேட்டால் அது என்ன சத்தம் என்று அவருக்கே தெரியும். பக்கத்து வகுப்புக்குத் தொந்தரவு என்றால் அது நியாயமான புகார்தான், விவாத வகுப்பை உணவு இடைவேளைக்கு முந்தைய பீரியடுக்கோ, ஓரத்தில் இருக்கும் அறைக்கோ மாற்றிக் கேளுங்கள்.

எங்கள் வகுப்பில் பெஞ்சுகளைத் தரையோடு சேர்த்துப் பொருத்தியிருக்கிறார்கள். குழுவாக எப்படி உட்கார வைப்பது?

ஒன்று, மூன்று, ஐந்தாவது வரிசையில் இருப்பவர்கள் பின்பக்கம் திரும்பி உட்காரட்டும். பெஞ்சுக்கு இரண்டு பேர் என்றால் நான்கு பேர் குழு தயார். ஒரு பெஞ்சில் மூன்று பேர் என்றால் நடுவில் இருப்பவர் எழுதுபவர்.  வரிசைகள் ஒற்றைப்படையாக இருந்தால் கடைசி வரிசையினர் தங்களுக்குள் பேசிக்கொள்ளலாம். பலகையில் எழுதும்போது மட்டும் "முன்னால் திரும்புங்கள்" என்று சொல்ல வேண்டியிருக்கும். இரண்டாவது வாரத்துக்குள் அதுவும் பழகிவிடும்.